கீழ்த்தள வீடு வாங்கும் முன் ஓதம் பார்க்க ஆள் வைத்தேன்: எப்படி இருந்தது?

கட்டணம் 8,500 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 10,030. இரண்டு படுக்கையறை உள்ள ஒரு கீழ்த்தள பிளாட்டை, தரையிலிருந்து கூரை வரை, ஈரத்துக்காக மட்டும் பார்ப்பதற்கு. பத்திரம் பார்க்க வக்கீல் வாங்கியதைவிடக் குறைவுதான். ஆனாலும் அம்மாவிடம் தொகையைச் சொன்னதும், “ஏண்டி, செவுத்தத் தட்டிப் பாக்குறதுக்கா பத்தாயிரம்? உங்கப்பா இருந்தா அவரே தட்டிப் பாத்திருப்பாரு” என்றாள். அப்பா தட்டிப் பார்த்து வாங்கிய வீடு மழைக்காலம் முழுக்க எப்படி இருந்தது என்று அம்மாவுக்கே தெரியும். அதைச் சொல்லவில்லை.

எங்களுக்குக் கீழ்த்தளம்தான் வேண்டும். அம்மாவின் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. எங்கள் பட்ஜெட்டில் கிடைக்கும் பழைய அடுக்ககங்களில் லிஃப்ட் இருக்காது. நங்கநல்லூர் வாடகை வீட்டிலிருந்து அலுவலகம் போய்வரும் தூரத்துக்குள் தேட ஆரம்பித்தபோது, பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே குரலில் சொன்னது: “கிரவுண்ட் ஃப்ளோரா? வேணாம்.” 2015 டிசம்பரைப் பார்த்த ஊர் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடி நினைவூட்டிவிட்டுப் போனது. ஆனால் வெள்ளம் வரும் தெரு எது என்று அந்தத் தெருக்காரர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். வெள்ளமே வராத தெருவிலும் வருஷம் பூராவும் சுவரைத் தின்னும் ஓதத்தைப் பற்றி விற்பவர் வாயே திறக்கமாட்டார். அதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

இந்த எண்ணத்தை விதைத்தது தம்பி. அவன் அமெரிக்காவில், வட கரோலினாவில், ராலே ஊரில் இருக்கிறான். அங்கே நிறைய வீடுகளில் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு ஆள் தவழ்ந்து போகும் உயரத்துக்கு வெற்றிடம் விட்டிருப்பார்கள். குழாய், ஏசி டக்ட் எல்லாம் அதற்குள் ஓடும். மேலே இருக்கிற தரை மரம். அவன் வீடு வாங்கும்போது ஆய்வாளர் டார்ச்சோடு அதற்குள் தவழ்ந்து போய், மண்ணின்மேல் விரித்த பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கிறதா, காற்றுத் துளைகளை இலைதழை அடைத்திருக்கிறதா, உத்தரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்றெல்லாம் பார்த்தாராம். தாண்டினால் மரத்தில் பூஞ்சை பிடிக்கும். அங்கே பழைய விதி, 150 சதுர அடி தரைக்கு ஒரு சதுர அடி காற்றுத் துளை வேண்டும் என்பது. மண்ணைத் தாளால் முழுக்க மூடிவிட்டால் 1,500 சதுர அடிக்கு ஒன்று போதும். ஆனால் வட கரோலினா போலப் புழுக்கமான ஊரில், கோடையில் அந்தத் துளை வழியாக வருவதே ஈரக்காற்றுதான். அது அடியில் குளிர்ந்து கிடக்கும் டக்ட்மேலும் மரத்தின்மேலும் பட்டு வேர்த்துக் கொட்டும். அதனால் இப்போது பலர் துளைகளை அடைத்து, மண்ணை மூடி, ஈரம் உறிஞ்சும் மெஷின் வைத்துவிடுகிறார்களாம். காற்றோட்டம் இருந்தால் காய்ந்துவிடும் என்று நாம் நினைப்பது எல்லா ஊருக்கும் எல்லா மாதத்துக்கும் பொருந்தாது என்பதை அவன் சொல்லித்தான் யோசித்தேன். நவம்பரில் சென்னையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஃபேன் போட்டால் உள்ளே வருவதும் மழைக்காற்றுதானே.

நம் வீடுகளில் அந்த வெற்றிடம் கிடையாது. அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவே மண்ணும் மணலும் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே ஜல்லி கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டிவிடுகிறோம். கீழே இருக்கும் ஈரம் சுவர் வழியாக ஏறாமல் தடுப்பதற்கு பிளிந்த் மட்டத்தில், அதாவது அஸ்திவாரம் முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில், ஓர் இன்ச், ஒன்றரை இன்ச் கனத்தில் ‘டிபிசி’ என்கிற கான்கிரீட் பட்டை போட வேண்டும். போட்டார்களா, ஒழுங்காகப் போட்டார்களா என்று கட்டி முடித்தபிறகு யாராலும் எட்டிப் பார்க்க முடியாது. தவழ்ந்து போக வழியில்லாத இடத்தை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வந்த இருவரின் திறமை அதில்தான் இருக்கிறது.

இரண்டு பேர் மட்டுமே உள்ள சின்னக் குழு அது. வயதானவர் சிவில் இன்ஜினியர், பல வருஷம் சைட்டில் நின்றவர். கூட கேமரா தூக்கும் பையன். பெயர் போடவில்லை. இதே வேலையைச் செய்கிறவர்கள் இப்போது சென்னையில் நிறைய இருக்கிறார்கள். நான் பார்த்தது ஒருவருடைய வேலையை மட்டும். யாரைக் கூப்பிட்டாலும் என்னென்ன செய்யச் சொல்லலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

போனில் பேசும்போதே பிடித்துப்போனது. நான் “தீபாவளிக்கு முன்னாடி வரமுடியுமா சார்?” என்று கேட்டேன். “நல்ல மழை ரெண்டு அடிக்கட்டும்மா, அப்புறம் வரேன். ஏப்ரல்ல கூப்பிட்டா வந்து காசு வாங்கிட்டுப் போயிடுவேன், உங்களுக்குப் பிரயோஜனம் கம்மி” என்றார். மே மாசம் அந்த வீட்டில் யாராவது குடியிருந்தார்களா, அப்போது சுவர் எப்படி இருந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து வைக்கவும் சொன்னார். காரணம் எளிது. மழைக்காலத்தில் மட்டும் நனையும் சுவர் என்றால் மழையோ நிலத்தடி நீரோ. அக்னி நட்சத்திரத்திலும் நனைந்திருக்கும் சுவர் என்றால் அநேகமாகக் குழாயோ, தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்போ. ஒரு பைசா செலவில்லாத சோதனை இது.

முதலில் பார்த்தது மடிப்பாக்கத்தில், 1998-ல் கட்டிய பிளாட். பளிச்சென்று புது பெயிண்ட். “வந்து பால் காய்ச்சினா போதும் மேடம்” என்று புரோக்கர் கதவைத் திறந்துவிட்டார். இன்ஜினியர் உள்ளேயே வரவில்லை. தெருவில் நின்றுகொண்டு, பையிலிருந்து தண்ணீர் நிரப்பிய டியூபை எடுத்தார். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, அதே டியூப்தான். ஒரு நுனியை ரோட்டு நடுவில் பையன் பிடித்தான், மறு நுனி வாசல்படியில். வீட்டின் தரை ரோட்டைவிட ஐந்து இன்ச் மட்டும் உயரம் இருந்தது. தேசிய கட்டட விதித்தொகுப்பு சொல்வது சுற்றியுள்ள தரையைவிடக் குறைந்தது 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி. கட்டியபோது அவ்வளவு இருந்திருக்கும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். அதற்கு முன்னால் உயர்ந்த ரோடு உயர்ந்ததுதானே. வாசலில் நாலு படி ஏறிப் போன வீடுகள் இன்றைக்கு ஒரு படி இறங்கிப் போகிற நிலையில் இருப்பதைச் சென்னையில் எந்தப் பழைய குடியிருப்பிலும் பார்க்கலாம். டிபிசி பட்டை மண்ணுக்கு மேலே இருந்தால்தான் வேலை செய்யும். வெளி மண் அதைத் தாண்டி ஏறிவிட்டால், பக்கவாட்டில் நேராகச் சுவருக்குள் ஈரம் போகும்.

அப்புறம் வீட்டைச் சுற்றி நடந்தார். மழைநீர் சேகரிப்புத் தொட்டியைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசரத்தில் பலர் செய்தது போல, அதைச் சுவரை ஒட்டியே தோண்டியிருந்தார்கள். மொட்டைமாடித் தண்ணீர் முழுவதும் படுக்கையறை அஸ்திவாரத்தின் காலடியில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வேறு. 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்த, ஊருக்கே பெருமையான நீர்நிலை. அதை ஒட்டிய தாழ்வான பகுதியில் கார்த்திகை மாசம் தோண்டினால் கையளவு ஆழத்திலேயே தண்ணீர் தட்டுப்படும் என்றார்.

உள்ளே வந்ததும் முதலில் கட்டிலை நகர்த்தச் சொன்னார். புரோக்கருக்கு அது பிடிக்கவில்லை. “ஓனர் சாமான் சார் அது.” “நகர்த்தினா உடையுற கட்டிலா?” நகர்ந்தது. கட்டிலுக்குப் பின்னால், டைல்ஸ் ஸ்கர்ட்டிங்குக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது. பேனா முனையால் குத்தினால் உப்புத் தூள் பொலபொலவென்று கொட்டியது. அதற்கு மேலே பூச்சைத் தட்டினால் டொப் டொப்பென்று பொய்ச் சத்தம்.

மாய்ஸ்சர் மீட்டரை அவர் பயன்படுத்திய விதம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு ஊசி உள்ள சின்னக் கருவி அது. ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்கே கிடைக்கிறது, வாங்கி நாமே குத்திப் பார்க்கலாமே என்று நானும் யோசித்திருந்தேன். அவர் விளக்கம் இப்படி: இந்த மீட்டர் மரத்துக்காகச் சரிபார்த்தது. செங்கல் சுவரில் அது காட்டும் சதவீதத்துக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. சுவரில் உப்பு இருந்தால், கொஞ்சம் ஈரத்துக்கே எண் எகிறிவிடும், ஏனென்றால் அது அளப்பது மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. அதனால் அவர் ஓர் எண்ணை நம்பாமல், ஒரே நேர்கோட்டில் அரை அடி, ஓர் அடி, இரண்டு அடி, மூன்று அடி, ஐந்து அடி என்று உயரம் உயரமாகக் குத்தி எழுதிக்கொண்டார். கீழே அதிகம், மேலே போகப்போகக் குறைந்து, மூன்று அடிக்கு மேல் திடீரென்று காய்ந்த எண். தரையிலிருந்து ஏறும் ஓதத்தின் நடை அப்படித்தான் இருக்கும்; வழக்கமாக ஒரு மீட்டர் சுற்றுக்குள் நின்றுவிடும். மாறாக மேலே அதிகம் கீழே குறைவு என்றால் கூரையையோ மேல்வீட்டு பாத்ரூமையோ சந்தேகப்பட வேண்டும். நடுவில் மட்டும் ஒரு திட்டு என்றால் குழாய். ஈரம் இருக்கிறதா என்பதை நம் மூக்கே சொல்லிவிடும். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் சரிசெய்ய முடியுமா, யார் காசில், என்று பேசவே முடியும். 10,030 ரூபாய் இந்தக் கேள்விக்கான பதிலுக்குத்தான்.

மாடிப்படிக்கு அடியில் டைல்ஸ் ஒட்டாத சிமென்ட் தரை இருந்தது. அங்கே ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். மறுநாள் காலை பையன் வந்து பிரித்தபோது தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். மேல்பக்கத்தில் இருந்திருந்தால் அது காற்றில் உள்ள ஈரம். அடியில் இருந்ததால் மண்ணிலிருந்து வருவது. பிளாஸ்டிக் கவர் ஒன்றும் டேப் ஒன்றும் இருந்தால் யாரும் செய்யலாம். அடுத்த வாரம் வீடு பார்க்கப் போகிறவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள். டைல்ஸ் மேல் ஒட்டினால் பலிக்காது, வெறும் சிமென்ட் தரை வேண்டும்.

பாத்ரூம் விஷயம் தனிக் கதை. நம் அடுக்ககங்களில் பாத்ரூம் தளத்தை ஓர் அடி, சில இடங்களில் அதற்கு மேலும் பள்ளமாகப் போட்டு, அதற்குள் குழாய்களை ஓட்டி, செங்கல் உடைசலை நிரப்பி, மேலே டைல்ஸ் போடுவார்கள். பிளம்பர்கள் ‘சங்கன்’ என்று சொல்வது இதைத்தான். வெளியே தெரியாத, காற்றே புகாத ஒரு தொட்டி அது. டைல்ஸ் இடுக்கு வழியாகவோ, தண்ணீர் வெளியேறும் துளையான டிராப்பின் கழுத்து வழியாகவோ இறங்கும் தண்ணீர் அதற்குள் வருஷக்கணக்கில் தேங்கி, கீழ்வீட்டின் கூரையில் கறையாக எட்டிப் பார்க்கும். கீழ்வீட்டுக்காரர் எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. சரிசெய்ய வேண்டியது மேல்வீட்டுக்காரர். அவர் மனசு வைக்க வேண்டும்.

மேல்வீட்டு மாமி மனசு வைக்கவில்லை. பாத்ரூம் டிராப்பை அடைத்து, சாயப்பொடி கலந்து இரண்டு இன்ச் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் விட வேண்டும் என்று இன்ஜினியர் பவ்யமாகக் கேட்டார். “நாங்க எங்க குளிக்கிறது?” என்றார் மாமி. நியாயமான கேள்விதான். இன்னொரு பாத்ரூம் இருக்கிறதே என்று நான் சொன்னதும், “அதுல சாமி சாமான் கழுவுறோம்” என்றார். அந்தச் சோதனை நடக்கவே இல்லை. அறிக்கையில் ‘அனுமதி கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி. இந்தச் சேவையின் பெரிய பலவீனம் இங்கேதான்: விற்பவரும் அக்கம்பக்கமும் விட்டால்தான் பாதிச் சோதனை நடக்கும். சுவரில் சின்னத் துளை போட்டுத் தூள் எடுக்கவும் அந்த ஓனர் விடவில்லை.

எப்படியோ, மடிப்பாக்கம் அத்தோடு முடிந்தது. புரோக்கர், “சார், மெட்ராஸ்ல ஓதம் இல்லாத வீடு எங்க சார் இருக்கு?” என்றார். அதுவும் பொய்யில்லை.

இரண்டாவது வீடு கொட்டிவாக்கத்தில். 2012-ல் கட்டியது. கடலோர மணல் பூமி. மழை நின்ற சில மணி நேரத்தில் தெரு காய்ந்துவிடுகிறது. தரை ரோட்டைவிட இரண்டடி உயரம். ஓனர் ரிட்டயர்டு ஆசிரியர், “எங்க வேணா ஓட்டை போட்டுக்கோங்க சார், அடைச்சு மட்டும் குடுத்துடுங்க” என்றார். இங்கேதான் கார்பைடு கருவி ஒன்றைப் பார்த்தேன். சுவரில் துளையிட்டுத் தூளை எடை போட்டு, இரும்புக் குடுவைக்குள் கால்சியம் கார்பைடோடு சேர்த்து மூடிக் குலுக்குகிறார்கள். தூளில் உள்ள தண்ணீரும் கார்பைடும் சேர்ந்தால் அசிட்டிலீன் வாயு வரும். எவ்வளவு வாயுவோ அவ்வளவு அழுத்தம். முள் நேராகச் சதவீதம் காட்டும். சைட்டில் மணலின் ஈரம் பார்க்க வைத்திருக்கும் அதே ரேபிட் மாய்ஸ்சர் மீட்டர். உப்பு இதை ஏமாற்ற முடியாது. முள் இரண்டுக்குக் கீழே நின்றது. பூச்சு காய்ந்திருக்கிறது.

ஆனால் படுக்கையறைச் சுவரில் ஒரு பூஞ்சைத் திட்டு இருந்தது. தெர்மல் கேமராவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஊதாவும் மஞ்சளுமாகப் படம் காட்டி வாடிக்கையாளரை மயக்கும் பொருள் என்றுதான் நினைத்தேன், பாதி இப்போதும் அப்படித்தான். அது தண்ணீரைப் பார்க்காது, சூட்டு வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். மடிப்பாக்கத்தில் சாயங்காலம் சுவரெல்லாம் ஒரே சூட்டில் இருந்ததால் ஒன்றுமே காட்டவில்லை. இங்கே ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு எடுத்தார்கள். சுவருக்குள் ஏசித் தண்ணீர்க் குழாய் போகிற வழி நீலக் கோடாக இறங்கி, ஒரு இடத்தில் அகலமானது. குழாய் இணைப்பில் கசிவு. அதோடு, பக்கத்து பிளாட்டின் ஏசி அறையும் அதே சுவரின் மறுபக்கம் என்பதால் சுவரே குளிர்ந்துகிடந்தது. 28 டிகிரி வெக்கையில் காற்றில் ஈரம் 80 சதவீதம் இருந்தால், சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் தண்ணீர் படியும். மழைக்காலச் சென்னையில் இது அன்றாடம். வாட்டர்ப்ரூஃபிங் செய்தாலும் இந்தப் பூஞ்சை போகாது. அலமாரியைச் சுவரிலிருந்து நாலு இன்ச் தள்ளி வைத்து, அந்த இணைப்பை மாற்றினால் போதும் என்றார். பிளம்பருக்கு 1,800 ரூபாய் கொடுத்தேன். இதே திட்டைக் காட்டி வேறொரு கம்பெனிக்காரரிடம் முன்பே விலை கேட்டிருந்தேன்; இலவசமாக வந்து பார்த்தவர் அறை முழுக்கப் பூச்சைக் கொத்தி கெமிக்கல் பூச ஒரு பெரிய தொகை சொல்லியிருந்தார். பார்க்க வருகிறவரே மருந்தும் விற்றால் நோய் இல்லாத வீடே இருக்காது. இவர்கள் எதையும் விற்பதில்லை என்பதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடப் போடுவேன்.

கடல் பக்கத்து வீட்டின் கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஜன்னல் சன்ஷேடின் அடியில் துருக்கறை, ஒரு விரிசல். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, துரு உப்பி, சிமென்ட்டைத் தள்ளிவிடும். சம்பை முழுக்க நிரப்பி, கோடு போட்டு, மோட்டாரையும் வால்வையும் மூடிவிட்டு மறுநாள் பார்த்தார்கள், இறங்கவில்லை. கதவு நிலைகளின் கால்களில் கரையான் மண்வழி இருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார்கள், இல்லை. ஈரமான இடத்தைத்தான் கரையான் அதிகம் தேடி வரும் என்பதால் அதுவும் ஒரு சாட்சிதான். சன்ஷேடு துருவைக் காட்டி விலையில் 60,000 குறைத்தோம். ஆசிரியர் கணக்குப் போட்டுப் பார்த்து, “சரிம்மா, எழுதிக்கோ” என்றார். வாங்கிவிட்டோம்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு பார்க்கிறவர்களுக்கு அவர் சொன்ன ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி, புட்டி போட்டு, ‘பாதுகாப்புக்கு’ இடுப்பு உயரம் டைல்ஸ் ஒட்டினால், வெளியேற வழியில்லாத ஓதம் டைல்ஸுக்கு மேலே போய் வெடிக்கும். அப்படி டைல்ஸ் ஒட்டிய பழைய சுவரைப் பார்த்தால் அதற்குப் பின்னால் என்ன மறைத்தார்கள் என்று கேளுங்கள்.

முதல் மாடி வாங்குகிறவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். கீழே ஸ்டில்ட் கார் பார்க்கிங் இருந்தால் அதன் கூரையை அண்ணாந்து பாருங்கள். உங்கள் பாத்ரூமின் அடிவயிறு அங்கேதான் தெரியும். வெள்ளையாகச் சுண்ணாம்பு வழிந்த கோடு, துருக்கறை, குழாய் மூட்டில் சொட்டு எல்லாவற்றையும் தவழாமலே, காசு கொடுக்காமலே பார்க்கலாம். அங்கே புதிதாக ஃபால்ஸ் சீலிங் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். வீடு ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் என்றால், ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி கட்டமைப்புக் குறையையும் வேலைத்தரக் குறையையும் பில்டர் சொந்தச் செலவில் 30 நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும். அந்த ஐந்து வருஷத்துக்குள் குறையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு அந்தக் காலம் எப்போதோ தாண்டிவிட்டது.

அறிக்கை ஏமாற்றம். முப்பது பக்கத்துக்கு மேல், முழுக்க ஆங்கிலத்தில், பாதிக்கு மேல் ஃபோட்டோ. கடைசிப் பக்கத்தில் எதற்கும் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி. சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு எங்கும் இல்லை. கேட்டால், “அது கான்ட்ராக்டர் சொல்லணும்மா” என்கிறார். பேரம் பேச எனக்குத் தேவைப்பட்டதே அந்த எண்தான். ஆனால் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டபோது வாட்ஸ்அப்பில் ஏழு நிமிஷம் தமிழில் பேசி அனுப்பினார் பாருங்கள், அதுதான் உண்மையான அறிக்கை. எந்தச் சுவர், என்ன காரணம், எது அவசரம், எதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று வரிசையாக. அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டு, “பரவாயில்ல, தட்ட மட்டும் செய்யல” என்றாள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். பதிவு செய்கிறவர்கள் முன்கூட்டியே ஓனரிடம் மூன்று அனுமதி வாங்கிவைத்துவிடுங்கள்: சாமான் நகர்த்த, சுவரில் துளை போட, சம்பை ஒரு ராத்திரி பூட்டிவைக்க. மேல்வீட்டு பாத்ரூமைச் சோதிக்கும் அனுமதியை, வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கொடுத்தபிறகு கேட்டால் விற்பவருக்கு அவசரம் போய்விடும். பிளாஸ்டிக் தாள் சோதனைக்கு மறுநாள் வருவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வேறு வீட்டுக்குப் போனால் முழுக் கட்டணம் மறுபடி. ஐப்பசி, கார்த்திகையில் கூட்டம் அதிகம், ஒரு வாரமாவது காத்திருக்க வேண்டியிருக்கும்.